‘மெலிஞ்சு போனாய்’: ஒரு விசாரிப்பு பாராட்டாக மாறிய கதை

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில், விடுதியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையை வாசற்படியிலேயே எதிர்கொண்ட வாசகம் ஒன்று உண்டு. “என்ன பிள்ளை, இப்படி மெலிஞ்சு போனாய்?” என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் அம்மம்மாவாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். அந்த விசாரிப்பில் கவலை இருந்தது. விடுதிச் சமையற்காரர் மீதான குற்றச்சாட்டும் இருந்தது. பிள்ளை அதற்கு விடையளிக்க வேண்டியதில்லை. அடுத்த அரை மணித்தியாலத்தில் தட்டில் வந்து சேரும் சோறும் மீன்குழம்புமே அதன் விடை.

இன்று வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துக் கலியாண மண்டபம் எதிலும் ஏறத்தாழ அதே சொற்களைக் கேட்கலாம். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்திருக்கும் சித்தி தன் பெறாமகளைப் பார்த்து “நல்லா மெலிஞ்சிட்டாய்” என்கிறார். பெறாமகள் முகம் மலர நன்றி சொல்கிறாள். சித்தி அடுத்து விசாரிப்பது எந்த உடற்பயிற்சி நிலையம், எத்தனை மாதம் என்பதையே. பந்தியில் அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள் என்பதை எவரும் கவனிப்பதில்லை.

ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழாவதற்கு வழக்கமாகப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும். கொழும்புத் தமிழரிடையே இது இரண்டு தலைமுறைக்குள் நடந்து முடிந்தது. அது எவ்வாறு நடந்தது, பத்திரிகையும் வானொலியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் அதில் என்ன பங்கு வகித்தன, குறிப்பாக மாணவப் பருவத்தினரின் தட்டில் அது எவ்வாறு பிரதிபலித்தது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

‘மெல்லிய இடை நமக்குப் புதிதா? நுண்ணிடை, கொடியிடை, மின்னிடை என்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடி வந்தவர்கள்தானே நாம்?’ என்று தமிழ் படித்தவர்கள் உடனே கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயினும் புலவரின் நுண்ணிடையை எவரும் நாடா கொண்டு அளக்கவில்லை. அது தலைவியின் உடம்பைப் பற்றிய தகவலாக அன்றிச் செய்யுள் மரபின் அணியாகவே வழங்கியது. அப்பாடலைக் கேட்ட பெண் எவளும் மறுநாட் காலை கஞ்சியைத் தவிர்த்ததாகச் செய்தி இல்லை. மெலிவு என்பது மெய்யாகவே உடம்பில் இறங்கிய ஓர் உதாரணம் நம் மரபில் உண்டு. ஆனால் அது அழகைத் தேடியதன்று, அழகைத் துறந்தது. தன் வனப்பைத் தாங்கி நின்ற தசையைக் கழித்துப் பேய்வடிவம் தருமாறு இறைவனை வேண்டிய காரைக்கால் அம்மையாரைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்த சோழர்கால வெண்கலப் படிமங்களுள் அம்மையாரின் படிமமும் ஒன்று. எலும்பும் நரம்பும் தெரியத் தாளமேந்தி அமர்ந்திருக்கும் உருவம் அது. கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துடன் பிரிக்க முடியாத தொடர்புடைய குடும்பத்தவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் அப்படிமங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கொழும்பில் படிக்கும் நம் பிள்ளைகள் சுற்றுலாவாக நூதனசாலைக்குப் போகும்போது அதன் முன் ஒரு நிமிடம் நிற்க வைக்கலாம்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். மெலிவு ஏன் நீண்ட காலம் அச்சத்துக்குரியதாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இலங்கையின் அரிசி வரலாற்றைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு மூன்று தசாப்தங்களுக்கு மேல் நீடித்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதோடு பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அதன் விளைவாகவே அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். பள்ளிப் பிள்ளையின் மதிய உணவு ஒரு பிரதமரின் பதவியைப் பறிப்பதில் பங்குகொண்ட நாடு இது. எழுபதுகளில் பாண் வரிசையும் மரவள்ளிக் கிழங்கும் வந்தன. சத்துக் குறைந்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான ‘திரிபோஷா’ மா 1973 இல் அறிமுகமாயிற்று. அத்தகைய நாட்டில் உப்பிய கன்னம் என்பது வீட்டில் அடுப்பெரிகிறது என்பதற்கான சான்றிதழ். கசநோய் பற்றிய நினைவும் மறையாதிருந்த காலம் அது. மெலிந்த பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் பதறியதில் வியப்பில்லை.

விளம்பரங்களும் அந்தப் பதற்றத்தையே நம்பி வாழ்ந்தன. பால்மா, ஹோர்லிக்ஸ், ஓவல்ரின், நெஸ்டமோல்ற், மார்மைற் என எதை எடுத்தாலும் அது தந்த வாக்குறுதி ‘வளர்ச்சி’ ஒன்றே. தகரப் பேணியில் சிரித்த குழந்தைக்குக் கழுத்து எங்கே முடிகிறது, நாடி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். வானொலி விளம்பரத்திலோ அந்தக் குழந்தையும் இல்லை. இதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை என்பது என் எண்ணம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை உச்சத்திலிருந்த காலத்தில் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைக் கடலுக்கப்பால் தமிழ்நாட்டிலும் இலட்சக்கணக்கானோர் கேட்டனர். கேட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அவர்கள் உயரமா குள்ளமா, மெலிவா பருமனா என்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெகுசன ஊடகம் ஒன்று உடம்பே இல்லாமல் இவ்வளவு பெரும் புகழை உண்டாக்கியது நம் வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

திரைப்படம் உடம்பைக் காட்டியது, உண்மை. ஆனால் அது காட்டிய உடம்பு அடுக்களையோடு சண்டையிடவில்லை. வெள்ளவத்தை பிளாசாவிலும் கொட்டாஞ்சேனை செல்லமஹாலிலும் மக்கள் வரிசையில் நின்று பார்த்த பத்மினியும் சாவித்திரியும் கே.ஆர். விஜயாவும் இன்றைய அளவுகோலின்படி ‘எடை குறைக்க வேண்டியவர்கள்’. 1965 இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கை வந்தபோது திரண்ட கூட்டத்தைப் பற்றிப் பழைய தலைமுறையினர் இன்றும் சொல்வர். கண்டிச் சீமையில் நாவலப்பிட்டியில் 1917 இல் பிறந்த எம்.ஜி.ஆர். உடற்பயிற்சியில் மிகுந்த கவனம் செலுத்தியவர். எனினும் அவரது இரசிகர்கள் அவரிடம் கண்டது ‘கட்டுமஸ்தான’ தேகம். வயிற்றில் எத்தனை மடிப்பு என்று எவரும் எண்ணவில்லை. பளு தூக்கிப் புகழ்பெற்ற ஜேர்மானியரான யூஜின் சாண்டோ 1904-05 இல் இந்தியாவைச் சுற்றி வந்து போனபின், அவர் பெயரே தமிழில் பட்டமாயிற்று. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அதற்குச் சான்று. கையில்லாத பனியனுக்கும் தமிழ்நாட்டில் அவர் பெயரே நிலைத்தது என்பது ஒரு சுவையான உபரிச் செய்தி. பருமனும் மெலிவும் திரையில் நகைச்சுவைக்குப் பயன்பட்டன என்பதை மறுக்க முடியாது. உசிலைமணியும் ஓமக்குச்சி நரசிம்மனும் தத்தம் உடம்பாலேயே சிரிப்பை வரவழைத்தவர்கள். ஆனால் இரு கோடிகளும் சமமாகவே சிரிக்கப்பட்டன. நடுவில் இருந்த எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள்.

அளவு நாடா வேறு வழியாக வந்தது. நீச்சலுடை நிறுவனம் ஒன்றின் ஆதரவுடன் 1952 இல் அமெரிக்காவின் லோங் பீச் நகரில் பிரபஞ்ச அழகிப் போட்டி தொடங்கியது. 1955 இல் அப்போட்டியில் இலங்கையின் மொறீன் ஹிங்கேர்ட் மூன்றாம் இடத்தைப் பெற்றார். மார்பு, இடை, இடுப்பு என மூன்று எண்களால் ஒரு பெண்ணை எழுதிவிடலாம் என்ற வழக்கம் உலகப் பத்திரிகைகளில் பரவியது இத்தகைய போட்டிகளோடுதான். ஆயினும் அன்று அது ஆங்கிலம் பேசும் கொழும்பின் ஒரு சிறு வட்டத்தின் பொழுதுபோக்கு. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் வாழ்ந்த தமிழ் மாணவிக்கு அந்த எண்கள் எட்டவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், அட்டைப்பட நடிகைகளும் கூட அரிதாகவே வந்தனர். அக்கட்டுப்பாட்டின் பயனாக ஈழத்துப் பிரசுர முயற்சிகள் தழைத்த கதை பலரும் எழுதியது. இங்கே அது வேண்டியதில்லை.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பில் ஒளிபரப்பைத் தொடங்கியது. யப்பானிய உதவியுடன் 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ரூபவாஹினி நாடு முழுவதற்கும் வந்தது. என் வயதையொத்தவர்கள் அயல்வீட்டு வரவேற்பறையின் நிலத்தில் அமர்ந்து அதைப் பார்த்தவர்கள். 1984 இல் ரோசி சேனாநாயக்க திருமதி உலக அழகியாகத் தெரிவானபோது, அவரது படத்தைக் காணாத வீடு கொழும்பில் இருந்திருக்காது. (அவரே 2018 இல் கொழும்பின் முதல் பெண் மேயரானார்.) ஆயினும் அரச தொலைக்காட்சியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சொற்பம். தமிழ் மாணவரைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் தொண்ணூறுகளில்தான் நேர்ந்தது. அதற்கு ஊடகம் மட்டும் காரணமன்று, போரும் காரணம்.

1983 இன் பின்னரும், குறிப்பாக 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாடு பெயர்ந்த பின்னரும், வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளும் கொட்டாஞ்சேனையின் லொட்ஜுகளும் நிரம்பின. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பாடசாலைக்குப் போய், மாலையில் வளவுக்குள் ஓடி விளையாடிய பிள்ளைகள் இரண்டு அறை வீட்டுக்குள் வந்து சேர்ந்தனர். வெளியே சோதனைச் சாவடி. கையில் அடையாள அட்டை. இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளை. வயதுவந்த பையனை விளையாட அனுப்ப எந்தத் தாய்தான் துணிவாள்? உள்ளே இருந்தது தொலைக்காட்சிப் பெட்டி. 1993 ஏப்ரலில் சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சி டிஷ் அன்ரனா வழியாக வந்தது. 1998 இல் சக்தி தொலைக்காட்சி உள்ளூரிலேயே தமிழில் ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரு தலைமுறை மாணவர்கள், தம் உடம்பை ஓட்டத்திலும் நீச்சலிலும் அறிவதற்குப் பதிலாக, பிறர் உடம்பைத் திரையில் பார்த்து அறிந்துகொண்டனர். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

அந்தத் திரையில் தோன்றிய உடம்பும் அதே வேளையில் மாறிக்கொண்டிருந்தது. இந்தியா 1991 இல் சந்தையைத் திறந்தது. 1994 இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் தெரிவாகினர். தமிழ்த் திரையின் மாற்றத்தை ஒரு பலகாரத்தைக் கொண்டே விளக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குஷ்புவுக்குத் திருச்சியில் இரசிகர்கள் கோயில் எழுப்பினர். உணவகங்களில் ‘குஷ்பு இட்லி’ பிறந்தது. பூரித்து மென்மையாக இருப்பதே அந்த இட்லியின் பெருமை. கதாநாயகியின் பெயரை உணவுக்கு, அதுவும் உப்பிய உணவுக்குச் சூட்டிய கடைசிச் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். 1997 இல் சிம்ரன் தமிழுக்கு வந்தார். அதன்பின் எந்த நடிகையின் பெயரும் எந்த இட்லிக்கும் வைக்கப்பட்டதாக நான் அறியேன்.

சென்னைப் படங்களின் செல்வாக்கு மட்டுமே என்றால் அது தியேட்டரோடு முடிந்திருக்கும். கொழும்புத் தமிழ் வீடுகளுக்குள் அதை இழுத்து வந்த ஊடகங்கள் வேறு. முதலாவது, எங்கள் ஞாயிறு இதழ்களின் மணமக்கள் தேவைப் பக்கம். பெண்கள் கப்பலேறி, விமானமேறி மணமுடிக்கப் போன தொண்ணூறுகளில், மாப்பிள்ளை சூரிச்சிலோ ஸ்காபரோவிலோ இருந்தார். அவர் பெண்ணை நேரில் காண்பதற்கு முன் காண்பது விளம்பரத்தின் இரண்டு வரி. பின்பு ஒரு புகைப்படம். அந்த இரண்டு வரிக்குள் கல்வி, சாதி, செவ்வாய் தோஷம் ஆகியவற்றோடு நிறமும் தோற்றமும் இடம்பிடித்தன. ஊரில் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் நடையும் பேச்சும் கோயில் வீதியில் அறியப்பட்டிருக்கும். புகைப்படத்துக்கோ உடம்பு மட்டுமே தெரியும். உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த பெண்கள் ஸ்ரூடியோவுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பாகவே இராச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியது இந்தச் சந்தையின் பொருட்டு.

இரண்டாவது, சாமத்திய வீட்டு அல்பம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பெண் பருவமடைந்ததும் நம் வழக்கம் என்ன? பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தம்மாக் களி, கத்தரிக்காய். வாயைத் திறக்கச் சொல்லி நல்லெண்ணெயை ஊற்றும் அம்மம்மாவிடமிருந்து தப்பிய பெண் எவளும் இல்லை. இடுப்பு பலப்பட வேண்டும், இரத்தம் ஊற வேண்டும் என்பது அதன் நோக்கம். வளரும் பெண்ணின் உடம்புக்கு ஒரு சமூகம் கூடி உணவூட்டும் சடங்கு அது. தொண்ணூறுகளிலிருந்து அதே விழாவுக்குள் வீடியோக் கமெரா நுழைந்தது. பிறகு பூங்காவிலும் கடற்கரையிலும் ‘அவுட்டோர்’ படப்பிடிப்பு, ஆளுயரப் பதாகை, திரைப்படப் பாடல் பின்னணியில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி கதாநாயகியாக நடந்துவரும் காட்சி. களி கிண்டும் அம்மம்மாவும் நாடியைச் சற்று உயர்த்தச் சொல்லும் படப்பிடிப்பாளரும் ஒரே வாரத்தில், ஒரே வீட்டில், ஒரே பிள்ளையிடம் எதிர்எதிரான இரண்டு உடம்புகளைக் கேட்கிறார்கள். ஒருவர் பெருக்கச் சொல்கிறார். மற்றவர் இறுக்கச் சொல்கிறார். அந்த வயதில் பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க உளவியல் படித்திருக்கத் தேவையில்லை. அல்பம் நிலைக்கும், களி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது ஊடகம் எங்கள் தொழிலுக்கே உரியது. பத்திரிகைகளின் பெண்கள் பகுதியைப் பக்கம் அமைப்பவனின் கண்ணோடு பாருங்கள். மேற்பாதியில் நத்தார் கேக் செய்முறை, முட்டை இருபத்தைந்து. கீழ்ப்பாதியில் இடை குறைக்கப் பத்து வழிகள். வலப்பக்க மூலையில் முகம் வெளுக்கும் பூச்சு. இந்தப் பூச்சின் கதையும் நீண்டது: 1975 இல் இந்தியாவில் ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்று சந்தைக்கு வந்து, 2020 இல் ‘ஃபெயார்’ என்ற சொல்லைக் கைவிட்டுக் ‘குளோ அன்ட் லவ்லி’ ஆயிற்று. பெயரை மாற்ற நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஒரே பக்கம் உண்ணச் சொல்லி, அதற்காக வெட்கப்படவும் சொல்லியது. அதில் எவருடைய சதியும் இல்லை. மூன்று வெவ்வேறு மேசைகளிலிருந்து வந்த விடயங்கள் ஒரு பக்கத்தில் சந்தித்தன, அவ்வளவுதான்.

ஊடகம் பசியை மாற்றுமா என்ற ஐயம் உள்ளவர்கள் பிஜித் தீவின் ஆய்வைப் பார்க்கலாம். பிஜி என்றதும் நமக்குப் பாரதியார் நினைவுக்கு வருவார். ஆனால் இந்த ஆய்வு அங்குள்ள பூர்வகுடி மாணவிகளைப் பற்றியது. நன்கு உண்டு வளர்ந்த வலிய உடம்பே அழகு என்று கருதிய சமூகம் அது. விருந்தினரை உண்ணச் சொல்லி வற்புறுத்துவதிலும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். நட்ரோகா என்ற பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் அவ்வாண்டும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998 இலும் பாடசாலை மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். உணவு குறித்த மனக்கோளாற்றுக்கான அறிகுறிகளைக் காட்டியோர் முதலில் 12.7 வீதம், பின்னர் 29.2 வீதம். எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தியெடுத்தவர் 1995 இல் ஒருவர்கூட இல்லை. 1998 இல் 11.3 வீதத்தினர். 2002 இல் வெளியான அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது புள்ளிவிபரத்தைவிட மாணவிகள் கூறிய காரணம். திரையில் தோன்றும் பெண்களைப் போல் மெலிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். அழகை வாழ்வில் முன்னேறும் வழியாகவே அவர்கள் கண்டனர். சூரிச் மாப்பிள்ளைக்காக இராச் சாப்பாட்டைக் குறைத்த வெள்ளவத்தை மாணவியும் அப்படித்தான் கணக்குப் பார்த்தாள்.

உண்ண மறுக்கும் நோய்க்கு லண்டன் வைத்தியர் வில்லியம் கல் 1873 இல் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். வெகுகாலம் அது மேலைநாட்டுப் பணக்கார வீட்டுப் பெண்களின் நோய் என்றே நாம் நம்பி வந்தோம். இலங்கையில் இளம் பருவத்தினரிடம் அது காணப்பட்டதைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 2002 இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. பிஜி ஆய்வு வெளியான அதே ஆண்டு. எண்ணிக்கை சிறிது என்பது உண்மையே. ஆனால் நம் வீடுகளில் அது மறைந்திருக்க வசதியான திரை ஒன்று உண்டு, அது விரதம். வெள்ளி, பிரதோஷம், கந்தசஷ்டி என்று மாணவி ஒருத்தி உண்ணாதிருந்தால் தாய் பெருமைப்படுவாள். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயப் பங்கைச் சேர்ந்த வீடுகளில் தவக்காலம் நாற்பது நாள். இறைவனுக்காக உண்ணாதவளையும் கண்ணாடிக்காக உண்ணாதவளையும் வெளியே நின்று பார்ப்பவரால் வேறுபடுத்த முடியாது. சில வேளை அந்தப் பிள்ளையாலும் முடியாது. இத்தாலியின் சியன்னா நகரத்துப் புனித கத்தரீனாள் உணவைத் துறந்து 1380 இல் மறைந்ததைப் பற்றி மேலைநாட்டு வரலாற்றாசிரியர்கள் இதே கோணத்தில் நிறையவே விவாதித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அத்தகைய விவாதம் எழவில்லை.

இத்தனைக்கும் கொழும்புப் பிள்ளைகள் உண்மையில் பருத்தவர்களா? 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று, கொழும்பு நகரப் பாடசாலைகளில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளை அளந்தது. உடற்பருமன் நோய்க்குரிய அளவை எட்டியோர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். வயதுக்கேற்ற உடலின்றி மெலிந்திருந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒருவர். அதாவது, மெலிய வேண்டும் என்று திரை ஓயாது சொல்லிக்கொண்டிருந்த நகரத்தில் நான்கில் ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே போதிய தசை இல்லை. இந்த எண்களை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எடையைப் பற்றிய கவலை முழுவதும் விளம்பரக்காரரின் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. 2005-06 இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, இலங்கையில் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. தெற்காசியருக்கு வெள்ளையரைவிடக் குறைந்த எடையிலேயே இந்நோய் தொற்றிக்கொள்கிறது என்பதால், உடல் நிறைச் சுட்டெண் 23 ஐ எட்டும்போதே ஆசியர் கவனமாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆலோசனை வழங்கியது. வெள்ளவத்தை மாணவரின் ஒரு நாளைப் பார்த்தால் வைத்தியர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பது விளங்கும். காலையில் ரியூசன், பிறகு பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன். இரண்டு வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் இருபது நிமிடத்தில் ஒரு ரோல்ஸ், ஒரு பற்றிஸ், ஒரு போத்தல் நெக்ரோ சோடா, இரவில் கொத்துரொட்டி. பிட்ஸா ஹட் 1993 இலும், கே.எஃப்.சி. 1995 இலும், மக்டொனால்ட்ஸ் 1998 இலும் கொழும்புக்கு வந்தன. பெற்றோர் வெளிநாட்டில், பிள்ளை பேத்தியாருடன் காலி வீதி மாடியில் என்ற குடும்பங்களில், அனுப்பப்பட்ட பணம் பெருமளவு இந்தப் பெட்டிகளிலேயே வந்து இறங்கியது. குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் குறிக்க வேண்டும் என்ற விதி 2016 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. நல்ல விதிதான். ஆனால் அதே போத்தலின் விளம்பரத்தில் அதைக் குடிப்பவர் ஒட்டிய வயிற்றோடு கடலலையில் சறுக்கிக்கொண்டிருப்பார். அதற்கு எந்த நிறமும் விதிக்கப்படவில்லை.

பையன்கள் இதிலிருந்து தப்பியதாக நினைத்தவர்களின் எண்ணத்தை 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகள் பொய்யாக்கின. ‘பொல்லாதவன்’ படத்தில் தனுஷ், ‘சத்யம்’ படத்தில் விஷால், ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா என வரிசையாக வயிற்றில் ஆறு கட்டுகளோடு தோன்றினர். அதே 2008 இல் இந்தித் திரையின் கரீனா கபூர் ‘சைஸ் சீரோ’ என்ற சொல்லைப் பரப்பினார். ஆறு, பூச்சியம் என்று உடம்பு முற்றிலும் எண்ணாகிவிட்டது. அந்த ஆண்டுகளில் இங்கே நாம் எந்த நிலையிலிருந்தோம் என்பதையும் மறக்க வேண்டாம். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். தெருவில் நடப்பதே ஆபத்தாக இருந்த இளைஞனுக்கு, பூட்டிய அறைக்குள் தண்டால் எடுத்து மார்பை விரிப்பது ஒருவகைத் துணிவைத் தந்திருக்கலாம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்தபின் காலி வீதியில் உடற்பயிற்சி நிலையங்கள் பெருகின. புரதமா டப்பாக்கள் வந்தன. முன்பு பால்மாவுக்கென ஒதுக்கப்பட்ட வீட்டுப் பணத்தில் இப்போது அண்ணனுக்குப் புரதமா, தங்கைக்குப் பசியடக்கும் தேநீர்.

கைத்தொலைபேசியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை; எல்லோரும் எழுதுகிறார்கள். 2021 செப்டெம்பரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் வெளியிட்ட ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆய்வு ஒன்று போதும். தம் உடம்பைப் பற்றி வருந்தும் வேளையில் இன்ஸ்டகிராம் அவ்வருத்தத்தைக் கூட்டியது என்று பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதத்தினர் கூறியதை அந்நிறுவனம் அறிந்தே வைத்திருந்தது. பழைய ஊடகங்களில் அழகி வேறு, பார்ப்பவள் வேறு. இப்போது பார்ப்பவளின் சொந்த முகமே செப்பனிடப்பட்டு அவளுக்குக் காட்டப்படுகிறது. பக்கத்து வாங்கு மாணவியின் முகமும் அவ்வாறே. நோர்வே 2021 இல் ஒரு சட்டம் இயற்றி, உடம்பின் வடிவத்தைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்றது. பிரான்ஸ் 2017 இலேயே ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. அவை விளம்பரதாரருக்கான விதிகள். சாமத்திய வீட்டு அல்பத்துக்கு எந்த நாட்டில் விதி செய்வது?

பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகளும் இதே கைத்தொலைபேசிக்குள் வந்தன. அதையடுத்து 2022 வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலையேற்றம் ஓராண்டில் 94.9 வீதம். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் ஒரு வேளை உணவு முற்றாக நின்றது. பால்மாவுக்கு மீண்டும் வரிசை. பிள்ளைகள் பாடசாலையில் மயங்கி விழுகிறார்கள் என்ற செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. எழுபதுகளின் பாண் வரிசையைக் கண்ட முதியவர்கள் மீண்டும் “மெலிஞ்சு போனாய்” என்று பழைய பொருளில் சொல்லத் தொடங்கினர்.

எனக்குத் தெரிந்த ஆசிரியைகள் அந்நாட்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிக்கலைக் குறிப்பிடுவார்கள். காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காரும் மாணவியை ஓரமாக அழைத்துச் சென்று, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லாததால் வெறும் தேநீரோடு வந்தவள் அதைச் சொல்லக் கூச்சப்படுவாள். கண்ணாடிக்குப் பயந்து பாணைத் தட்டில் விட்டு வந்தவளும் கூச்சப்படுவாள். இருவரும் சொல்லும் விடை ஒன்றே: “பசிக்கேல்லை ரீச்சர்.” அதனால் சிலர் மேசை இழுப்பறையில் ஒரு பக்கற் பிஸ்கட் வைத்திருக்கிறார்கள். முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் விசாரிக்கிறார்கள்.